சென் கென்மின் ஐயாவுக்கு: அந்தக் கெச்சப்பைப் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் 1990-ல் மறைந்தீர்கள். உங்கள் ‘எபி சில்லி’ (காரமான இறால் குழம்பு) மீதான குறை மட்டும் இன்னும் ஓயவில்லை: சிச்சுவான் இறாலில் கெச்சப்புக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்து யிபினில் பிறந்து, 1952-ல் ஜப்பானுக்கு வந்து, 1958-ல் டோக்கியோவில் ‘ஷிசென் ஹான்டென்’ உணவகத்தைத் திறந்தீர்கள். அப்போது அங்கே டோபான்ஜாங் (அவரைக்கொட்டையும் மிளகாயும் புளிக்கவைத்த விழுது) எளிதில் கிடைக்காது. காரம் பழகிய நாக்கும் குறைவு. சிச்சுவானில் அந்த விழுதோடு புளித்த அரிசியின் இனிப்பும் சேர்த்து, சாறு சுண்டும்வரை இறாலை வற்றவைப்பார்கள். நிறம், இனிப்பு, புளிப்பு மூன்றையும் நீங்கள் கெச்சப்பிடம் ஒப்படைத்தீர்கள். மிச்சக் காரத்தை முட்டையால் தணித்தீர்கள். என்எச்கே தொலைக்காட்சியிலும் சமைத்துக் காட்டினீர்கள். ஜப்பானிய வீடுகளுக்குள் சிச்சுவான் சமையல் அப்படித்தான் நுழைந்தது.

கடிதம் உங்களுக்குத்தான். ஆனாலும் படிப்பவர்கள் அடுத்து அடுப்படிக்குத்தான் போவார்கள் என்பதால், அவர்கள் சறுக்கும் இடங்களையும் எழுதிவிடுகிறேன்.

உரித்த இறால் 250 கிராம். உப்பும் சோளமாவும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் கவிச்சி போகும். பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுக்க வேண்டும். ஈரம் நின்றால் மாவு வழுக்கிக் கழன்றுவிடும். அரை முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசிறி, மிதமான சூட்டு எண்ணெயில் அரை நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். இறால் முக்கால் பதம் வெந்தால் போதும். இங்கேயே இறுகச் சுருண்டுவிட்டால் குழம்பில் ரப்பராகிவிடும்.

சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். சின்னத் தீயில் ஒரு தேக்கரண்டி டோபான்ஜாங், பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு. தீ கூடினால் விழுது கருகிக் கசக்கும். எண்ணெய் சிவந்ததும் மூன்று மேசைக்கரண்டி கெச்சப். பலர் கெடுப்பது இங்கேதான்: கெச்சப் விழுந்த கையோடு தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஒரு நிமிடமாவது வதங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, நிறம் ஒரு படி அடர வேண்டும். இல்லையென்றால் பச்சைப் புளிப்பு கடைசிவரை நிற்கும். ‘இது கெச்சப் குழம்பு’ என்ற பேச்சு கிளம்புவதும் இதனால்தான்.

அப்புறம் கோழிச்சாறு 100 மில்லி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, இறால், ஒரு பிடி வெங்காயத்தாள். தீயைத் தணித்து, சோளமாவுக் கரைசலை இரண்டு மூன்று தடவையாக விட்டுக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கெட்டியான பிறகே அடித்த முட்டை பாதி. வினிகர் அரைத் தேக்கரண்டி, இறக்கும்போது. முன்னாலேயே ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும்.

இன்று டோபான்ஜாங் தாராளமாகக் கிடைக்கிறது. கெச்சப்பை நீக்கிவிட்டு அந்த விழுதை இரண்டு பங்காக்குகிறவர்களுக்குக் குழம்பு உப்புக் கரிக்கிறது. கெச்சப் வேண்டாமென்றால் அவர்கள் புளித்த அரிசியைச் சேர்த்து, கரைசலும் முட்டையும் விடாமல், சாற்றை முழுக்க வற்றவைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சமையலை மதிக்கும் ஒருவர்