பதின்மூன்று மாலைகள்: நிலவையும் வியாழனின் துணைக்கோள்களையும் பார்ப்பது குறித்துப் பெற்றோருக்கு

12.01.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள், ஜனவரி 20 செவ்வாய்க்கிழமை தொடங்கி, பிப்ரவரி 1 தைப்பூசம் வரை, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தினமும் மாலை நிலவைப் பார்த்து வரைந்து வர வேண்டும். மொத்தம் 13 மாலைகள். இடையில் ஜனவரி 24 சனிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் இரண்டு தொலைநோக்கிகள் வைக்கிறோம். ஒன்றில் நிலவும் சனியும், மற்றொன்றில் வியாழனும் அதன் துணைக்கோள்களும் தெரியும்.

உங்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வரைந்த படத்தைத் தயவுசெய்து திருத்தாதீர்கள். கைப்பேசியைப் பார்த்து அழகாக வரைந்து வரும் நோட்டை விட, மாடியில் நின்று பார்த்துக் கோணல்மாணலாக வரைந்த நோட்டுக்குத்தான் இங்கே மதிப்பு. மேகம் மூடியிருந்தால் "மேகம்" என்று எழுதினால் போதும். அதற்கு மதிப்பெண் குறையாது.

நோட்டைத் தயார் செய்வது எளிது. வளையலையோ பாட்டில் மூடியையோ வைத்துப் பக்கத்துக்கு ஒன்றாக 13 வட்டங்கள் போட்டுக்கொள்ளட்டும். வட்டத்தின் கீழே தேதி, நேரம், திசை, உயரம். நேரம் எல்லா நாளும் மாலை 6.45 ஆகவே இருக்க வேண்டும். ஒரு நாள் 6.45, மறுநாள் 8 மணி என்று பார்த்தால் நிலவு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணக்கிடவே முடியாது. நிற்கும் இடமும் மாறக் கூடாது. உயரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து நிலவு வரை எத்தனை முஷ்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணினால் உயரம் கிடைத்துவிடும். குழந்தையின் முஷ்டி சிறியதுதான், ஆனால் கையின் நீளமும் அதற்கேற்பக் குறைவு என்பதால் அளவு பெரிதாக மாறாது. அப்பாவின் முஷ்டியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஜனவரி 20 அன்று தென்மேற்கே, தொடுவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் மெல்லிய பிறை தெரியும். தினசரிக் காலண்டரில் சந்திர தரிசனம் என்று போட்டிருப்பது இந்தப் பிறையைத்தான். ஏழரை மணி வாக்கில் அது மறைந்துவிடும், தாமதிக்க வேண்டாம். முதல் நாள் இரண்டு தவறுகள் எப்போதும் வரும். ஒன்று, பிறையைப் பாடநூல் படத்தில் உள்ளதுபோல் அடைப்புக்குறி மாதிரி நிற்க வைத்து வரைவது. அந்தப் படங்கள் பெரும்பாலும் வடக்கே வெகுதூரத்திலுள்ள நாடுகளின் வானத்தைக் காட்டுபவை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஒளி கீழிருந்து வருவதால் நம் பிறை தோணி போலப் படுத்திருக்கும், இரு முனைகளும் மேலே நிமிர்ந்திருக்கும். மற்றொன்று, பிறையின் இருண்ட பகுதியை விட்டுவிடுவது. கூர்ந்து பார்த்தால் முழு வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்ட சூரிய ஒளி திரும்பிப்போய் நிலவில் விழுவது. அதைப் பென்சிலால் லேசாகத் தேய்த்துக் காட்டலாம்.

ஜனவரி 22 நாலாம் பிறை. அன்று நிலவைப் பார்க்கக் கூடாது என்ற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைக் கடைப்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதினால் போதும். முன்தின, மறுதினப் படங்களை வைத்து நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைவதை மட்டும் ஏற்க மாட்டோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 1610 ஜனவரி 7 அன்று இத்தாலியின் பாதுவா நகரில் கலிலியோ வியாழனைத் தன் தொலைநோக்கியில் பார்த்தபோது, அதன் அருகே ஒரே கோட்டில் மூன்று சிறு புள்ளிகள் தெரிந்தன: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. விண்மீன்கள் என்றே நினைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 9ஆம் தேதி மேகம். 10ஆம் தேதி கிழக்கே இரண்டு மட்டும். 13ஆம் தேதி முதன்முறையாக நான்கு. ஒவ்வொரு இரவும் கண்டதைக் கண்டபடி குறித்து வைத்ததால்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்ற முடிவுக்கு அவரால் வர முடிந்தது. கிழக்கே இருந்த இரண்டு புள்ளிகளும் மேற்குக்குப் போனது முறையாகத் தோன்றவில்லையே என்று 8ஆம் தேதிப் படத்தை அவர் சரிசெய்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு அங்கேயே நின்றிருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், 1972-ல் புதிதாக நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியால், வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைப்பதைப் பதிவு செய்தார்கள். விண்மீனின் ஒளி மங்கிய விதத்தை வைத்துக் கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று கணித்தார்கள். 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் அருகே சென்று அளந்தபோது, அது அந்தக் கணிப்பை விட மிக மிக மெல்லியது என்று தெரிந்தது. முந்தைய பதிவை யாரும் அழிக்கவில்லை. இரண்டும் இருப்பதால்தான் நாம் ஒப்பிட முடிகிறது.

மீண்டும் நிலவுக்கு வருகிறேன். ஜனவரி 26 அட்டமி. மாலையில் அரை நிலவு தலைக்கு மேலே இருக்கும். பஞ்சாங்கத்தின் திதி என்பது வானத்தில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம்தான். 12 பாகைக்கு ஒரு திதி. எட்டாம் திதியில் அந்தக் கோணம் 90 பாகையைத் தொடுகிறது, அதனால் பாதி தெரிகிறது. திதி பார்க்கத் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கள் ஆசிரியர்களை விட அவர்கள் இதை நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

பிறை ஏன் வளர்கிறது என்று கேட்டால் பூமியின் நிழல் விழுவதால் என்று பத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள், பெரியவர்களிலும் பலர். அது தவறு. சொல்லித் திருத்துவதை விடக் காட்டித் திருத்துவது மேல். ஜனவரி 27 அல்லது 28 அன்று மாலை நாலரை மணிக்குச் சூரியன் மேற்கே இருக்கும்போதே நிலவு கிழக்கு வானில் தெரியும். பிள்ளை சூரியனுக்கு முதுகைக் காட்டி, வெயிலில் நின்று, ஒரு எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் குத்தி நிலவின் திசையில் நீட்டிப் பிடிக்கட்டும். பழத்தில் எவ்வளவு பகுதி வெளிச்சமோ அதே அளவுதான் நிலவிலும் வெளிச்சம், அதே சாய்வில். பழத்தின் மீது யார் நிழலும் விழவில்லை. அதன் இருண்ட பக்கம் வெயில் படாத பக்கம், அவ்வளவுதான். நிழலில் நின்று செய்தால் இது வராது. பூமியின் நிழல் உண்மையிலேயே நிலவில் விழுவதை மார்ச் 3 அன்று பார்க்கலாம்: அன்று சந்திர கிரகணம். நிலவு உதிக்கும்போதே ஒரு பகுதி மறைந்திருக்கும், 6.47-க்கு நிழல் விலகிவிடும். கிழக்கே மறைப்பில்லாத இடம் வேண்டும்.

வீட்டில் செய்ய இன்னொன்று. 4 செ.மீ. குறுக்களவுள்ள எலுமிச்சம்பழம் பூமி என்றால், நிலவு ஒரு கொண்டைக்கடலை. இரண்டையும் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று பிள்ளையையே வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள், பாடநூல் படம் அப்படி. சரியான தூரம் 1 மீட்டர் 20 செ.மீ. அதே எலுமிச்சம்பழத்தை வியாழன் என்று கொண்டால் அதன் நான்கு பெரிய துணைக்கோள்கள் 12, 19, 31, 54 செ.மீ. தூரத்தில் வரும், அவை கடுகளவுதான். ஆனால் உண்மையில் அவை சிறியவை அல்ல: கானிமீட் 5,268 கி.மீ. குறுக்களவு கொண்டது, புதன் கோளை விடப் பெரியது.

ஜனவரி 30, 31 இரண்டு மாலைகளையும் தவறவிடாதீர்கள். கிழக்கே நிலவுக்கு அருகில் இமைக்காமல் பளிச்சென்று நிற்பது வியாழன். 30ஆம் தேதி நிலவு வியாழனுக்கு மேலே இருக்கும். 31ஆம் தேதி கீழே இறங்கியிருக்கும். நிலவு ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்பது முஷ்டிக் கணக்கில் அப்படியே தெரியும், ஏறக்குறைய ஒன்றரை முஷ்டி. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரையட்டும்.

இனி 24ஆம் தேதி மாலை. 6, 7 வகுப்புகள் 6.30 முதல் 7.30 வரை, 8, 9 வகுப்புகள் 7.30 முதல் 8.30 வரை. எங்கள் தொலைநோக்கிகளின் ஆடி 114 மி.மீ. குறுக்களவு, குவியத் தூரம் 900 மி.மீ. 25 மி.மீ. கண்ணருகு லென்ஸ் போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு பெரிதாகும். பெரிதாக்குவதே சிறப்பு என்று தோன்றும். அப்படியல்ல. மடங்கு கூடக்கூடக் காட்சி மங்கும், நடுங்கும், கோள் சட்டென்று பார்வையை விட்டு ஓடிவிடும். வியாழனின் நான்கு துணைக்கோள்களுக்கும் 36 மடங்கே நல்லது. நான்கும் வியாழனின் இரு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளிகளாக இருக்கும். சில நேரம் மூன்றுதான் தெரியும். ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கும், அல்லது அதன் நிழலுக்குள் இருக்கும். எத்தனை தெரிந்ததோ அத்தனையே வரைய வேண்டும். நான்கில் ஒன்றான அயோ ஒரு சுற்றை 42 மணி நேரத்தில் முடித்துவிடுவதால் ஒரே மாலையில்கூட அதன் இடம் மாறுவது தெரியும்: 6.45-க்கு ஒரு படமும் 8.30-க்கு ஒரு படமும் ஆசிரியர் வரைந்து பலகையில் ஒட்டுவார். யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கானிமீடுக்கு ஏழு நாள், கலிஸ்டோவுக்குப் பதினேழு நாளுக்குச் சற்றுக் குறைவு.

சனியின் வளையம் இந்தப் பருவத்தில் ஊசி போல மெல்லியதாகத்தான் தெரியும். கடந்த ஆண்டு மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியது, இன்னும் அதிகம் விரியவில்லை. படங்களில் பார்த்த அகன்ற வளையத்தை எதிர்பார்த்து வரும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். அருகில் மங்கலாகத் தெரியும் புள்ளி சனியின் துணைக்கோளான டைட்டன். துணைக்கோள்களின் எண்ணிக்கை பாடநூலில் ஒன்றும் இணையத்தில் ஒன்றுமாக இருப்பதைப் பற்றியும் கேட்கிறீர்கள். சனிக்கு மட்டும் கடந்த ஆண்டு மார்ச்சில் 128 புதிதாகச் சேர்ந்து 274 ஆயின. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், தேர்வில் அதைக் கேட்க மாட்டோம்.

நிலவில் கரும்பகுதிகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். வெண்பகுதிகள் அனார்த்தோசைட் என்ற பாறை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் இதே வகைப் பாறை கிடைக்கிறது. சந்திரயான் சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போலச் செய்ய இஸ்ரோ அதைப் பொடித்துப் பயன்படுத்தியது. தொலைநோக்கியில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவது அங்கேதான்.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். 7×50, 10×50 இரண்டும் நல்லது. கையில் பிடித்தால் வியாழன் ஒரு கோடாக அதிரும். முழங்கைகளை மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் ஊன்றினால் நின்றுவிடும், கானிமீடும் கலிஸ்டோவும் தெரியலாம். கண்ணாடி அணியும் பிள்ளைகளில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். சிதறல் பார்வைக்கான கண்ணாடியைக் கழற்றக் கூடாது. வரிசையில் நிற்கும்போது கைப்பேசி விளக்கு வேண்டாம். கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் ஆகிறது, ஒரு நொடி வெளிச்சத்தில் அது போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் வானத்தை நோக்கித் திருப்பக் கூடாது. சூரியன் முழுதாக மறைந்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகும், வலிகூடத் தெரியாது. நிலவைப் பார்ப்பதால் கண்ணுக்குக் கேடு எதுவும் இல்லை, சற்றுக் கூசும்.

தைப்பனி தரையைப் பிளக்கும் என்பார்கள். ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் கொடுத்தனுப்புங்கள். இரவு உணவை முடித்து வருவது நல்லது. 8.30-க்குப் பிறகு பள்ளிப் பேருந்து கிடையாது, பெற்றோரில் ஒருவர் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். வந்தவர்களும் பார்க்கலாம், வரிசையின் கடைசியில் நின்று. ஒப்புதல் சீட்டைக் கையெழுத்திட்டு 22ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

24ஆம் தேதி மேகமாக இருந்தால் மாலை 4 மணிக்குள் குறுஞ்செய்தி அனுப்புவோம். அடுத்த வாய்ப்பு 31ஆம் தேதி சனிக்கிழமை, அதே நேரம், அதே மைதானம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்