வக்கீல்கள் வாசிப்பு வட்டம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டு முழுக்க ஒரே பொருளைத்தான் படித்தோம்: அமெரிக்கக் கறுப்பின வக்கீல்களின் சங்கங்கள். அவர்களுடைய நேஷனல் பார் அசோசியேஷனுக்கு ஆகஸ்டு 1ஆம் தேதி நூறு வயது நிறைந்தது. அதுதான் சாக்கு.

முதல் இரண்டு கூட்டங்களை 1912ஆம் ஆண்டே விழுங்கிவிட்டது. அமெரிக்கன் பார் அசோசியேஷன் 1878இல் தொடங்கிய பெரிய சங்கம். அதில் வில்லியம் லூயிஸ், பட்லர் வில்சன், வில்லியம் மாரிஸ் என்ற மூவர் உறுப்பினரானார்கள். கறுப்பர்கள் என்று தெரிந்ததும் நிர்வாகக் குழு அவர்களுடைய தேர்வை ரத்து செய்தது. இத்தனைக்கும் லூயிஸ் அப்போது மத்திய அரசின் உதவி அட்டர்னி ஜெனரல்! அவருடைய மேலதிகாரி விக்கர்ஷாம் சங்க உறுப்பினர்களுக்கெல்லாம் கண்டனக் கடிதம் எழுதினார். கடைசியில் ஒரு சமரசம்: மூவரும் இருக்கலாம், ஆனால் இனி யாரைப் பரிந்துரைத்தாலும் இனம் என்ன என்று எழுதித் தர வேண்டும். மாரிஸ் ராஜினாமா செய்துவிட்டார். ரத்து செய்ததைவிட அந்தச் சமரசம்தான் மோசம் என்பது என் கருத்து. கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் 1925. அயோவா மாநிலம் டெ மாயின் நகரில் 12 பேர் கூடி நேஷனல் பார் அசோசியேஷன் என்ற தனிச் சங்கம் கண்டார்கள். ஜார்ஜ் உட்சன், எஸ். ஜோ பிரவுன் போன்றவர்களோடு ஒரே ஒரு பெண், கெர்ட்ரூட் ரஷ். அந்த நாளில் நாடு முழுவதும் கறுப்பின வக்கீல்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அவர்களிலும் சங்கத்தில் சேர்ந்தவர்கள் 120க்கும் குறைவு. சந்தா வசூல் எப்படி இருந்திருக்கும் என்று பொருளாளர் பெருமூச்சு விட்டார். உள்ளூர்ச் சங்கங்கள் இதற்கும் முந்தியவை. சிகாகோவின் குக் கவுன்டி சங்கம் 1914இலேயே வந்துவிட்டது.

ஜூலைக் கூட்டம் வாஷிங்டனைப் பற்றியது. அங்கே கோர்ட் கட்டடத்துக்குள்ளேயே இருந்த வெள்ளையர் சங்க நூலகத்தைக் கறுப்பின வக்கீல்கள் பயன்படுத்த முடியவில்லை. மறுநாள் வாதாட முன்தீர்ப்பு பார்க்க வேண்டும், புத்தகம் அதே கட்டடத்தில் இருக்கிறது, உள்ளே போக முடியாது. தொழில் செய்கிற நமக்கு இது எப்படிப்பட்ட ஊனம் என்று விளக்கத் தேவையில்லை. சார்லஸ் ஹியூஸ்டன் போன்றவர்கள் அங்கே வாஷிங்டன் பார் அசோசியேஷனைத் தொடங்கியது வெறும் கூடிக் குலவுவதற்காக அல்ல. நேஷனல் பார் அசோசியேஷன் 1941இல் சொந்தமாகச் சட்ட இதழ் நடத்தத் தொடங்கியது. கறுப்பர்கள் 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் எல்லாம் இலவசச் சட்ட உதவி மையம் வேண்டும் என்று 1940களிலேயே முயன்றது.

செயலாளர் என்ற முறையில் ஒரு சொந்த விருப்பம்: சேடி அலெக்சாண்டர். 1921இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு சட்டம் படித்து, 1943 முதல் 1947 வரை அந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். அதே காலத்தில் அதிபர் ட்ரூமனின் குடிமை உரிமைகள் குழுவிலும் வேலை பார்த்தார். நானோ ஒரு மினிட் புத்தகத்தையே மாதக் கணக்கில் எழுதாமல் வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காரசாரமான விவாதம் நவம்பரில். பெரிய சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் 1943இல் இன நிபந்தனையைக் கைவிட்டது. 2003இல் டென்னிஸ் ஆர்ச்சர் அதன் முதல் கறுப்பினத் தலைவரானார். நேஷனல் பார் அசோசியேஷனின் தலைவராக இருந்த பாலெட் பிரவுன் 2015இல் பெரிய சங்கத்துக்கும் தலைவரானார். சரி, இனித் தனிச் சங்கம் எதற்கு என்று இளையவர்கள் கேட்டார்கள். அமெரிக்க வக்கீல்களில் கறுப்பர்கள் இன்றும் சுமார் 5 சதவீதம்தான். மக்கள்தொகையிலோ 13 சதவீதத்துக்கு மேல் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் சொன்னார். இரவு ஒன்பதரைக்குக் காவலர் விளக்கை அணைக்க வந்ததால் விவாதம் பாதியில் நிற்கிறது.

அக்டோபர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புத்தக பீரோவின் இரண்டாவது சாவி யாரிடம் இருந்தாலும் திருப்பித் தரவும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்