மாற்றுத்திறனாளிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோரே, சகோதரங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு எம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களை முதலில் நினைவுகூருகிறேன். அவர்களில் ஒருவர் படுக்கைப் புண்ணோடு கிடந்தபடியே தன் மாதக் கொடுப்பனவு விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் இறந்து எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் பதில் வந்தது. கொடுப்பனவுப் பட்டியலில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை விண்ணப்பங்களுக்கும் முறையீடுகளுக்குமே எடுத்துக்கொள்கிறேன்.

வழமையான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். மாரி மழையில் பாதை அடைபட்ட காலம் தவிர நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. சக்கர நாற்காலிகளுக்கு ரியூப், பெயரிங் மாற்றும் வேலையை எமது உறுப்பினர்களே வீடு வீடாகப் போய்ச் செய்து கொடுத்தார்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை எளிமையாக நடத்தினோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2023இல் 5,000 ரூபாவாக இருந்தது. 2024இல் 7,500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி ஏப்ரல் முதல் 10,000 ஆகியிருக்கிறது. சிறுநீரக நோயாளருக்கும் அதே தொகைதான். முதியோருக்கு 5,000. தொகை கூடியதை மனதார வரவேற்கிறோம். முள்ளந்தண்டில் காயப்பட்டவர் வீட்டில் கதீற்றர், யூரின் பாக், கோஸ், பம்பர்ஸ் என்று மாதம் எவ்வளவு போகும் என்பது இங்கிருக்கும் அம்மாமாருக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாதவருக்குத் தொகை கூடி என்ன, குறைந்து என்ன? பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமங்களிலும், ஒலுமடு, மல்லாவிப் பக்கத்திலும் எமது உறுப்பினர்கள் பலர் இன்னும் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு நாங்கள் கையில் எடுத்த மறுப்புகளைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகளுக்குத்தான் கூடுதலாக மறுப்பு வந்திருந்தது. கால் இழந்தவரைப் பார்த்ததும் புரிந்துவிடும். தலைக்குள் செல் பீஸ், அதாவது எறிகணைச் சிதறல், இருப்பவரை என்ன செய்வது? எமது உறுப்பினரான ஒரு தம்பி 2009 யுத்தத்தில் காயப்பட்டு, செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டு போகப்பட்டவர். அங்கே கொடுத்த மருத்துவத் துண்டு முகாமில் தொலைந்து போனது. அடிக்கடி வலிப்பு வரும். விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், "நீர் நடந்துதானே வந்தனீர், உமக்கென்ன குறை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கொடுத்த கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். "எனது தலையில் செல் பீஸ் உள்ளது, உதவி செய்து தரவும்" என்பதோடு முடிந்திருந்தது.

சரி, புதிதாக எழுதுவோம் என்று அவருடைய அம்மாவிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தோம். வலிப்பு வந்த நாள், நேரம், அப்போது எங்கே விழுந்தார், தெளிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று அம்மா தன் கைப்பட எழுதினார். அடுப்படியில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டது, கிணற்றடிக்குத் தனியே விடுவதில்லை என்பது, சைக்கிள் ஓடுவதை நிறுத்தியது, மரக்காலையில் வேலைக்கு வைத்திருந்த முதலாளி பயந்துபோய் நிற்பாட்டியது எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. அதை வைத்து முறையீட்டை எழுதினோம். பீஸ் தெரியும் எக்ஸ்ரே அறிக்கை, கிளினிக் கொப்பியின் போட்டோ கொப்பி, அந்த முதலாளி கொடுத்த கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தோம். இப்போது அவருக்குக் கொடுப்பனவு கிடைக்கிறது. அவரின் காயம் முன்பும் அதேதான், பின்பும் அதேதான். எழுதிய விதம்தான் மாறியது.

அதனால் என்ன நோய் என்று எழுதுவதோடு நிற்காதீர்கள். அந்த நோயால் எவையெல்லாம் முடியவில்லை என்று எழுதுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டிலும் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத்தான் பராமரிப்பது, பேசிப் புரிய வைப்பது ஆகியவற்றில் உள்ள சிரமங்களைத்தான் கேட்டார்கள். 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு சிரமம் இருப்பதாக அதில் பதிவானது.

இன்னொரு சிக்கல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவில் வருகிறது. இது 2023 ஜூலையில் தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றின் கீழ் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தின் நிலையை மதிப்பிடுகிறார்கள். எங்கள் பகுதியில் பலருடைய வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா மானியத்தில் கட்டியது. ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம். மதிப்பிட வருபவரின் கண்ணுக்கு வீடு நன்றாகத்தான் தெரியும். உள்ளே படுத்திருப்பவருக்கு ஒரு சதம் வருமானம் இல்லை என்பது கூரையில் தெரியாது. மின்சாரப் பாவனையும் இப்படித்தான். படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தால் அதன் மோட்டார் இரவு பகலாக ஓடும், பில் கூடும். ஆகையால் முறையீட்டில் வீடு எந்தத் திட்டத்தில் கிடைத்தது, மின்சாரம் எதற்குப் போகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மானியக் கடிதத்தின் பிரதியையும், காற்று மெத்தை பாவிக்கச் சொன்ன வைத்தியரின் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புவது எழுத்தில் வாங்கும் பழக்கத்தைப் பற்றித்தான். எமது உறுப்பினர்களில் அநேகருக்கு மறுப்பு வாயால்தான் வந்திருக்கிறது. "அம்மா, உங்கட பேர் வரேல்ல, அடுத்த முறை பாப்பம்" என்று சொன்னதும் நாங்கள் பேசாமல் பஸ் ஏறி விடுகிறோம். எந்தத் திகதியில், எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்று தெரியாமல் எதை எதிர்த்து முறையிடுவது? விண்ணப்பம் கொடுக்கும்போதே இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பதிலே வராதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த ஆண்டு பெரிதும் கைகொடுத்தது. எனது விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் உள்ளது, மறுக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன, எனது மதிப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியைத் தருக என்று கேட்டால் போதும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள், கை இழந்தவர்கள் கவனியுங்கள்: எழுத முடியாதவர் வாயால் கேட்டாலே போதும், அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. இது சட்டத்திலேயே உள்ளது. ஓர் அக்கா இதன் மூலம் கேட்டபோது, அவருக்குச் சொந்தமில்லாத காணி அவர் பெயரில் குறிக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. முறையீட்டில் அந்த ஒரு விடயத்தை மட்டும் எழுதினோம், திருத்தினார்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினருக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. வாசித்துச் சொல்ல ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் விளக்கம் கேட்டிருந்த திகதி கடந்து விட்டது. வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, தமிழில் கடிதமும் புதிய திகதியும் கேட்டு எழுதினோம், இரண்டும் கிடைத்தன. இனி இப்படி வந்தால் அன்றைக்கே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

சட்டங்களைப் பற்றி என் கருத்தையும் வைக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அதன் 28ஆம் உறுப்புரை சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. இவற்றைக் குறிப்பிடுவது நல்லது. ஆனால் சட்ட இலக்கங்களை மட்டும் அடுக்கிய கடிதம் எதுவும் எங்களுக்குப் பலன் தரவில்லை. ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, பின்னால் ஆதாரம் இணைத்த கடிதங்கள்தான் வேலை செய்தன. பாகுபாடு காட்டப்பட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போங்கள். அப்போதுதான் பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தாலும், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் வழக்குப் போடும் காலக்கெடுவில் சேராது.

முறையீடு வாங்கும் மேசை மாடியில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் எப்படிப் போவது? பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தவை. சாய்தளம் கட்டும் வரை, கீழே ஒரு மேசை போட்டு ஓர் உத்தியோகத்தரை இருத்துமாறு கேட்டிருக்கிறோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கே வந்து பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்த கிராம அலுவலர்களுக்கும், சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும், வரிசையில் நிற்க வைக்காமல் மருத்துவச் சான்றிதழ் தந்த வைத்தியர்களுக்கும் சங்கத்தின் நன்றி. போட்டோ கொப்பிக்குக் காசு வாங்காத கடைக்காரத் தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு ஃபைல் தயாரிக்க நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், கொடுத்த விண்ணப்பங்கள் ஆகியவற்றின் பிரதிகள் அதில் இருக்கும். வெள்ளம் வந்தாலும் நனையாத உறையில் ஒரு தொகுதி வீட்டிலும் ஒரு தொகுதி சங்கத்திலும் வைக்கப்படும். படிவம் நிரப்ப உதவக்கூடிய உயர்தர வகுப்பு மாணவர்களின் பெயர்களை இன்றே தந்து செல்லுங்கள். இன்னும் பதில் வராத முறையீடுகளின் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது, உங்கள் பெயரும் திகதியும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்