ரோசெட் நெபுலா படத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது ரோசாப்பூ வடிவிலான வாயு மேகம், ரோசெட் நெபுலா. வானத்தில் முழுநிலவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அகலம், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கலர் கேமராவில் எடுத்த அதன் படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. பார்ப்பவர்கள் எல்லோரும் என்ன கேமரா, என்ன டெலஸ்கோப் என்றுதான் கேட்கிறார்கள். எடுத்ததைப் படமாக்கத் தெரிந்தது உங்களால். அதை எல்லோரும் பார்க்கும்படி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி கோவை அண்ணனுக்கு. "தம்பி, இந்த ஃபில்டரைப் போட்டு எடுத்ததைக் கலர் படம்னு நினைக்காதே. ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கிற ரெண்டு கருப்பு வெள்ளைப் படம்னு நினைச்சுக்கோ" என்று போனில் அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் நம் சென்சாரிலும் இருக்கிறது: நான்கு பிக்சலில் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். இரட்டை நேரோபேண்ட் ஃபில்டர் உள்ளே விடுவதோ முக்கியமாக இரண்டே ஒளி. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர். ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் சிவப்புப் பிக்சலில் விழுகிறது. ஆக்சிஜன் பச்சையிலும் நீலத்திலும் சேர்ந்தே விழுகிறது. வழக்கம்போல டீபேயர் செய்தால், அதாவது பிக்சல்களை மென்பொருளில் கலர் படமாக மாற்றினால், ஒவ்வொரு நிறத்திலும் விடுபட்ட இடங்களை அக்கம்பக்கத்துப் பிக்சலை வைத்து ஊகித்து நிரப்பிவிடும். அதற்கு முன்பே இரண்டையும் பிரித்துவிட வேண்டும் என்று அண்ணன் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்தது சிரில் மென்பொருள். அதை வளர்த்துவரும் சிரில் ரிஷார், வின்சென்ட் ஊர்தான் உள்ளிட்ட குழுவினருக்குத் தமிழில் ஒரு நன்றி. ஹெச்-ஆல்ஃபா (அந்த ஹைட்ரஜன் ஒளி), ஓ-த்ரீ (அந்த ஆக்சிஜன் ஒளி) இரண்டையும் பிரிக்கும் ஸ்கிரிப்ட் அதிலேயே இருக்கிறது. கேமரா, லென்ஸ் குறைகளை நீக்குவதற்காக எடுக்கும் டார்க், ஃபிளாட், பயாஸ் படங்களை வைத்துச் சரிசெய்து, ஒவ்வொரு ஃபிரேமையும் (தனித்தனியாக எடுத்த ஒவ்வொரு படத்தையும்) இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக ஸ்டாக் செய்து, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தந்துவிடுகிறது. இவ்வளவும் இலவசம். மாதச் சம்பளக்காரர்கள் இந்தப் பொழுதுபோக்கில் கால் வைக்க முடிவதே இப்படிப்பட்டவர்களால்தான்.

அப்புறம் மதுரை டீச்சர். நிலா வெளிச்சம் ஆக்சிஜனைக் கெடுக்கும் அளவுக்கு ஹைட்ரஜனைக் கெடுக்காது. அதனால் நிலா இருந்த இரவுகளின் ஃபிரேம்களில் ஹைட்ரஜனை மட்டும் வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது அவர். பிரித்து வைத்திருந்தால்தான் இது முடியும். மார்கழி மழை ஓய்ந்து வானம் தெளிகிற நாளெல்லாம் நிலா இல்லாத நாளாக அமைவதில்லையே! அந்த ஒரு யோசனையில் எனக்கு எத்தனையோ இரவுகளின் உழைப்பு மிஞ்சியது.

ரோசெட்டின் நடுவில் இருக்கும் என்ஜிசி 2244 என்ற விண்மீன் கொத்தின் சூடான விண்மீன்கள், ஆக்சிஜன் அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட ஆக்சிஜன் விடும் ஒளி நெபுலாவின் உட்பகுதியில் தெரிகிறது, ஆனால் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் மங்கல். ஆக்சிஜன் படத்தை லீனியர் மேட்ச் செய்து, அதாவது அதன் பிரகாசத்தை ஹைட்ரஜன் அளவுக்குக் கொண்டுவந்தால், அதன் இரைச்சலும் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான குறையும்) கூடவே ஏறும். முதலில் இரைச்சலைக் குறைத்து, பிறகு தனியாக, மெதுவாக ஸ்ட்ரெச் செய்ய, அதாவது மங்கலானதை வெளிச்சமாக்கச் சொன்னதும் டீச்சர்தான். சிவப்புக்கு ஹைட்ரஜன், நீலத்துக்கு ஆக்சிஜன், பச்சைக்குப் பெரும்பங்கு ஆக்சிஜனோடு துளி ஹைட்ரஜன் என்று வைத்தேன். இதழ்கள் செம்பொன்னாகவும் உள்ளே மயில்கழுத்து நிறமாகவும் வந்தன. செயற்கையாகத் தங்க நிறம் ஏற்றுவதைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கே எந்த வாயு இருக்கிறது என்பதைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது.

நட்சத்திரங்களைப் பிரித்தெடுத்தது நிகிதா மிஸ்யூரா உருவாக்கிய ஸ்டார்நெட் என்ற மென்பொருள். இரண்டே அலைநீளத்தில் எடுத்தால் நட்சத்திரத்தின் உண்மை நிறம் கிடைக்காது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் குறைந்த நேர ஃபிரேம்கள் தனியாக எடுத்து, அதிலிருந்த நட்சத்திரங்களை மேலே சேர்த்தேன்.

தன் ஃபில்டரைக் கழற்றிக் கையில் கொடுத்து, "முடிஞ்சப்போ திருப்பிக் கொடு" என்று சொன்ன தாம்பரம் நண்பருக்கு என்ன சொல்வது! அதன் விலை எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அம்மாவுக்கும் நன்றி. வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவுவதால் எந்த ஃபில்டரும் அதை முழுதாகத் தடுக்காது. நான் மாடிக்குப் போவதைப் பார்த்தாலே அவர்கள் வீட்டு மாடிப்படி விளக்கை அணைத்துவிடுவார்கள்.

பிரித்து ஸ்டாக் செய்த இரண்டு ஃபைல்களையும், ஃபில்டர் இல்லாமல் எடுத்த நட்சத்திரப் படத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன். பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேமரா வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம், இதிலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
சென்னை மொட்டை மாடியிலிருந்து உங்கள் நண்பன்