பருவ நிறைவுக் கடிதம்: பிள்ளைகளின் இசை இதழும் நம் வீட்டு உதவியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வாரத்தோடு இரண்டாம் பருவம் முடிகிறது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புகளும் பங்கெடுத்தன. நூலகத்தில் புத்தகம் எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். தேர்வு மதிப்பெண்கள் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பாடவாரியாகப் பேச வேண்டியதை வகுப்பாசிரியர்கள் உங்களோடு பேசுவார்கள்.

இந்தப் பருவத்தில் பள்ளி முழுக்கப் பேசப்பட்டது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த இசை இதழ்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எட்டு ஏ3 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, முதுகில் பின் அடித்தால் 32 பக்க இதழ் கிடைக்கும். முதல் நாளில் கணினியைத் தொடவே இல்லை. வெற்றுத் தாள்களை மடித்து ஒரு மாதிரி செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எண் போட்டார்கள். அப்புறம் தாள்களைப் பிரித்துப் பார்த்தால், ஆறாம் பக்கத்தை ஒட்டி 7 இல்லை, 27 இருக்கிறது. எந்தத் தாளை எடுத்தாலும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் 33 வருகிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதினாள். படிக்கும்போது எதிரெதிரே இருக்கும் பக்கங்கள் ஒரே தாளில் சேர்ந்து அச்சாவது 16, 17 என்ற நடுப்பக்கத்தில் மட்டும்தான் என்பதும் அப்போது புரிந்துவிட்டது. பெரிய படம் யாருக்கு என்று அதுவரை நடந்த சண்டை அதோடு தீர்ந்தது. நான் வகுப்பின் பின்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முன்னட்டை, பின்னட்டை, பொருளடக்கம் இவற்றை நான்கு பிள்ளைகள் கொண்ட இதழாசிரியர் குழு பார்த்துக்கொண்டது. மீதி 28 பக்கங்களையும் ஜோடிக்கு இரண்டு பக்கமாக 28 பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். பேட்டி எடுப்பது, எழுதுவது, படம் எடுப்பது, பக்கம் வடிவமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. கடைசியாக ஒவ்வொருவரும் தன் பக்கத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதற்கு நாங்கள் கொடுத்த கேள்விகள் நான்கு. இந்த எழுத்துருவை ஏன் தேர்ந்தெடுத்தாய்? முதலில் வைத்து அப்புறம் எடுத்துவிட்டது எது? திரையில் நன்றாக இருந்து அச்சில் ஏமாற்றியது எது? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? இந்த வேலைக்கான மதிப்பெண்ணில் பெரும்பகுதி பக்கத்தின் அழகுக்குப் போவதில்லை, இந்தக் குறிப்புக்குத்தான் போகிறது.

சில குறிப்புகள் அவ்வளவு நன்றாக வந்திருக்கின்றன. பளீரென்ற நீலப் பின்னணி வைத்த ஒரு ஜோடிக்கு அச்சுப் பிரதியில் அது மங்கிப்போய் வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கலந்துதான் நிறம் காட்ட முடியும், அதனால் திரையில் தெரியும் எல்லா நிறமும் தாளுக்கு வராது என்று தாங்களே தேடிப் படித்து எழுதியிருக்கிறார்கள். இன்னொரு ஜோடி வரிகளுக்கு இடையே இடைவெளியைக் குறைத்துப் பேட்டி முழுவதையும் ஒரே பக்கத்தில் அடைத்தது. மேல்வரி ‘சு’வின் கால் கீழ்வரி ‘ழ்’ன் புள்ளியில் போய் இடித்தது. தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் இடம் கேட்கும், அதனால் ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்குப் போதாது என்பது அவர்கள் எழுதிய முடிவு. கடைசியில் பேட்டியில் இரண்டு கேள்விகளை வெட்டினார்கள். எந்த இரண்டை வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு மதியம் முழுக்க ஆனது.

‘மேடைக்குப் பின்னால்’ என்ற தலைப்பை அகலமாக்க எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டிய பிள்ளைகளும் உண்டு. ‘மே’யின் கொம்பு ஒரு பக்கமும் ‘ம’ ஒரு பக்கமும் பிரிந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரித்து, சரிசெய்து, குறிப்பிலும் எழுதினார்கள்.

சரி, இனி எதற்காக இந்தக் கடிதமோ அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சுக்குக் கொடுக்க இருந்த வாரத்தில் ஐந்து ஜோடிகளின் பக்கங்கள் ஒரே இரவில் மாறி வந்தன. முந்தைய நாள் நாங்கள் பார்த்த பக்கங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. எழுத்துரு, படம், நிறம் எல்லாம் வேறு. பார்க்க மிகவும் நேர்த்தியாகவே இருந்தன. பொறுப்பாசிரியர் ஒரு மாணவனிடம் குறிப்புக்கான முதல் கேள்வியைக் கேட்டார்: இந்த எழுத்துரு ஏன்? அவன் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாக, “அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க செஞ்சு கொடுத்தாங்க சார்” என்றான். அதற்கு முந்தைய வாரம் தன் பக்கத்தில் ஓரம் ஏன் இவ்வளவு அகலமாக விட்டிருக்கிறான் என்று என்னிடமே ஐந்து நிமிடம் விளக்கிய பையன் அவன். அவனை மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அட்டைப்படத்திலும் இதே கதைதான். வேலை தொடங்குமுன் பிள்ளைகள் பழைய இசை இதழ்களின் அட்டைகளைத் தேடிப் பார்த்திருந்தார்கள். 1894இல் தொடங்கிய பில்போர்டு, 1952இல் அந்தப் பெயரோடு வரத் தொடங்கிய நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், 1967இல் வந்த ரோலிங் ஸ்டோன் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். நெடுங்காலமாக வரும் இதழ்களில், அட்டையில் இருப்பவரின் தலை இதழின் பெயரைக் கொஞ்சம் மறைத்தபடி இருப்பதைக் கவனித்தார்கள். பெயர் எல்லாருக்கும் பழகிவிட்டதால் மறைந்தாலும் பரவாயில்லை; நம்முடையது முதல் இதழ், நாம் மறைக்கலாமா? இரண்டு நாள் வாதாடினார்கள். கடைசி எழுத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மறையட்டும், பெயரைப் படிப்பதில் சிக்கல் வராது என்று முடிவானது. மிருதங்கம் வாசிக்கும் தோழியின் படம். தலை பெயரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கீழே இரண்டு கைகளும் முழுதாகத் தெரியும்.

வீட்டில் யாரோ இதைத் தவறு என்று நினைத்து ‘சரிசெய்து’ அனுப்பியிருந்தார்கள். பெயர் முழுதாகத் தெரிந்தது. படம் கீழே தள்ளப்பட்டதில் மிருதங்கத்தில் இருந்த கைகள் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தன.

இன்னும் இரண்டு பக்கங்களில் பிள்ளைகள் எடுத்த படங்களை நீக்கிவிட்டு, இணையத்திலிருந்து எடுத்த பிரபலக் கலைஞர்களின் படங்களை வைத்திருந்தார்கள். இணையத்தில் கண்ணில் படும் படமெல்லாம் நாம் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடியதில்லை. அந்தப் படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கோ அவர் வேலை செய்த நிறுவனத்துக்கோ உரியது. பாடல் வரிகளுக்கும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் முழுப் பாட்டையும் சேர்த்திருந்தார்கள், அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்றும் இருக்கிறது. முழு ஏ4 பக்கத்துக்கு ஒரு படம் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது ஏறக்குறைய 2480க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். வந்த படம் 640 பிக்சல் அகலம். அந்தக் கணக்கில் அது இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். திரையில் பளிச்சென்று இருந்தது அச்சில் கட்டம் கட்டமாக வந்தது. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் ஏற்கெனவே வகுப்பில் போட்டுப் பார்த்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எந்தப் பெற்றோரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அச்சில் வரப்போகிறது, நாலு பேர் பார்ப்பார்கள், நம் பிள்ளையின் பக்கம் குறைவாகத் தெரியக் கூடாது என்ற ஆசைதான். நானும் ஒரு பெற்றோர். அதோடு, எது உதவி, எது பிள்ளையின் வேலையை நாமே செய்துவிடுவது என்று நாங்களும் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் குறை பள்ளியுடையது. அதற்காக வருந்துகிறேன்.

ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லியாக வேண்டும். வெளியாளோ பெரியவர்களோ வடிவமைத்த பக்கம் இனி அச்சுக்குப் போகாது. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, யார் வீட்டிலிருந்து வந்தாலும் சரி. அடுத்த இதழிலிருந்து பக்கங்கள் பள்ளிக் கணினியில் மட்டுமே உருவாகும், ஒவ்வொரு கட்டப் பிரதியும் தேதி போட்டு வைக்கப்படும். மூன்றாம் மெய்ப்புக்கு (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் பிரதி) பிறகு எழுத்துப்பிழை தவிர வேறு எந்த மாற்றமும் ஏற்கப்படாது. இரவு பத்து மணிக்கு மேல் பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு, என் பிள்ளையின் படம் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்பதும் இதோடு நிற்க வேண்டும். அந்தப் படத்தின் அளவை முடிவு செய்தது பிள்ளைகள். அதைக் கேட்க வேண்டிய இடம் அவர்கள்தான்.

இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அந்தப் பையன் நின்ற நிலை என்னை விடாது.

இந்த முறை என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஜோடிகளின் பழைய பக்கங்கள் பள்ளிக் கணினியில் இருந்தன, அவற்றையே எடுத்துக்கொண்டோம். அட்டையும் பிள்ளைகள் வைத்த இடத்துக்கே திரும்பிவிட்டது. மற்ற இரண்டு ஜோடிகளின் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்ததால், அந்த நான்கு பேரும் மூன்று மதியங்கள் இருந்து மறுபடி செய்தார்கள். இதனால் அச்சு ஒரு வாரம் தள்ளிப்போனது. யாருடைய மதிப்பெண்ணும் இதற்காகக் குறைக்கப்படவில்லை. எந்த வீடு என்று வகுப்பில் பேசவும் இல்லை, பேசவும் மாட்டோம். மறுபடி செய்த ஒரு ஜோடியின் குறிப்பில், இரண்டாம் தடவை செய்தபோது முதலில் மூன்று எழுத்துரு வைத்திருந்தது அதிகம் என்று தோன்றியது, ஒன்றைத் தடித்தும் மெலிந்தும் வைத்தே சமாளித்தோம் என்று இருக்கிறது. இதைச் சொல்லித்தரப் பொறுப்பாசிரியர் பருவம் முழுக்க முயன்றிருந்தார்.

நீங்கள் உதவவே கூடாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் எங்களுக்கு உங்கள் உதவி நிறையத் தேவை. பக்கத்தின் அச்சுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் வாசகராக இருந்து படியுங்கள். எந்த இடத்தில் கண் முதலில் போகிறது, எங்கே படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் வட்டம் போட்டுக் கொடுங்கள். படம் எடுக்க உங்கள் போனைக் கொடுங்கள். அந்தப் படத்தை எங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். உங்களில் பாடத் தெரிந்தவர்கள், ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த இதழுக்கு உங்களைப் பேட்டி எடுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

இந்தப் பருவம் முழுக்கப் பிள்ளைகள் தாமதமாக வீடு திரும்பிய நாட்களில் வாசலில் காத்திருந்தீர்கள். ஒத்திகைப் படங்களுக்கு அனுமதிப் படிவம் கேட்டபோது மறுக்காமல் கையெழுத்திட்டீர்கள். பழைய வயலின், கிதார், ஒலிநாடாக்கள் என்று பரணில் இருந்ததை இறக்கிப் படம் எடுக்கக் கொடுத்தீர்கள். மாறி வந்த பக்கங்களை அச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொன்னபோது அந்த ஐந்து வீடுகளிலும் யாரும் கோபப்படவில்லை. இரண்டு பேர் நேரில் வந்து பொறுப்பாசிரியரிடம் பேசிவிட்டுப் போனார்கள். அதற்கு என் தனிப்பட்ட நன்றி. மாலை நேரம் முழுவதையும் இந்த இதழுக்கே கொடுத்த பொறுப்பாசிரியருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதிகள் கொடுக்கப்படும். கூடவே அவர்கள் எழுதிய குறிப்பும் வீட்டுக்கு வரும். இதழைப் புரட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பைப் படித்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். பக்கத்தில் நான்கு வரி வெற்றிடமும் இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் அதில் எழுதி, பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்