சித்திரச் சட்டங்களைத் துடைக்காதீர்கள்

கொழும்பு ஆலயங்களின் பரிபாலன சபையினருக்கு,

வணக்கம். நவராத்திரி நெருங்குகிறது. சரஸ்வதி பூசைக்காகப் பழைய ஏடுகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, ஏட்டுக் கட்டின் மேலும் கீழும் உள்ள மரச் சட்டங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள். வெறும் மரச் சட்டமென்றால் கவலையில்லை. சித்திரம் தீட்டியதாக இருந்தால் தயவுசெய்து துணியை எடுக்காதீர்கள்.

ஒரு கோயிலில் கண்டிப் பாணிக் கொடியும் பூவும் வரைந்த சட்டமொன்றைக் கண்டேன். அழுக்குப் போகட்டுமென்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்திருக்கிறார்கள். சிவப்பு அப்படியே நிற்கிறது, பூக்களின் மஞ்சள் மட்டும் பஞ்சோடு போய்விட்டது. பக்தியோடு செய்த வேலைதான், ஆனால் போன மஞ்சள் இனி வராது.

இலங்கைச் சித்திரக்காரர் மஞ்சளுக்கு இரண்டு பொருள்களைப் பாவித்தார்கள். ஒன்று, கொறக்காய் இனத்தைச் சேர்ந்த கோகட்டு மரத்தின் பால். அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மற்றது அரிதாரம் என்ற கனிமம். ஸ்பிரிட்டுக்கு அசையாது, ஆனால் வெளிச்சத்தில் வெளிறும். அதில் இருப்பது ஆசனிக், உதிரும் பொடி நஞ்சு. அதைத் துடைத்த கையாலேயே பிள்ளைகளுக்குப் பிரசாதம் கொடுக்கிறோம். கண்ணுக்கோ இரண்டும் ஒரே மஞ்சள்! சிவப்பும் இப்படித்தான்: சாதிலிங்கமென்றால் பாதரசம், செந்தூரமென்றால் ஈயம்.

எது எதுவென்று கருவி சொல்லும். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியைச் சட்டத்தருகே பிடித்தால், சுரண்டாமலே ஆசனிக், பாதரசம், ஈயம் இருப்பது தெரியும். மரப்பால், அவுரிச் செடியின் நீலம் போன்றவற்றை அது காட்டாது. அதற்கு, நிறத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை வைத்துப் பொருளை அறியும் ராமன் சோதனை வேண்டும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல்தான் அதன் அடிப்படை. இந்தச் சோதனைக்கு ஓர் உதாரணம்: அயர்லாந்தின் சித்திரச் சுவடியான கெல்ஸ் சுவடி ஏறத்தாழ 1,200 ஆண்டு பழையது. அதன் நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ராமன் சோதனையில் அது செடியிலிருந்து எடுத்த இண்டிகோ என்று தெரிந்தது. அதன் மஞ்சள், நம்முடைய அதே அரிதாரம்.

ஒவ்வொரு கோயிலும் தனித்தனியே இந்தச் சோதனைக்கு அலைவது நடக்கிற காரியமல்ல. சபைகள் கூடி, எந்தக் கோயிலில் எத்தனை சித்திரச் சட்டம் இருக்கிறதென்று படத்தோடு ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலோடு தேசிய நூதனசாலையையும் சுவடிகள் காப்பகத்தையும் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைகளையும் ஒன்றாகக் கேட்போம். அதுவரை வார்னிஷ், புல்லெண்ணெய், புதுப் பெயின்ற் எதுவும் சித்திரத்தில் படக் கூடாது. வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். பூசையில் சந்தனத்தைச் சட்டத்தில் பூசாமல், ஏட்டைச் சுற்றிய பட்டில் வையுங்கள்.

பட்டியல் போடும் வேலைக்கு எந்தச் சபை அழைத்தாலும் வருகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சுவடி ஆர்வலர்