ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவர்களின் மன வேதனையைக் குறைக்க விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டினால் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் கருவி) எப்படி உதவுகிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். மாட்டும் வரை நடப்பதை எல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. என் அம்மாவின் கடைசி மாதங்களில் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. மார்பின் என்கிற வலி மருந்தால் வலி ஓரளவு அடங்கியது, ஆனால் ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் யாரோடும் பேச்சு இல்லை, சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார். முதல் தடவை ஹெட்செட்டில் ஒரு கடற்கரையைக் காட்டினார்கள். மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு, போதும்" என்று கழற்றச் சொன்னார். யாரோ ஒருவருடைய போட்டோ ஆல்பத்தைப் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுப்போமே, அந்த மாதிரி.

அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் வந்தார். வந்ததும் கருவியை எடுக்கவே இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்கே போகணும் போல இருக்கும்மா?" என்று கேட்டார். அம்மா யோசிக்கக்கூட இல்லை. டெலிபோன் ஆபரேட்டராக 31 வருஷம் வேலை பார்த்த ஆபீஸ் வாசலுக்கு என்றார். இணைய வரைபடத்தில் தெருக்களின் படம் இருக்கிறதல்லவா, அதில் தேடி எடுத்தார்கள். அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாது, சாய்ந்தே இருந்ததால் முதலில் வெறும் வானம்தான் தெரிந்தது. நர்ஸ் காட்சியைக் கீழே இறக்கிச் சரிசெய்து, அரைக் கிலோ எடை கழுத்தை இழுக்காமல் இருக்கத் தலைக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். வாசல் வந்ததும் அம்மாவின் வலது கை போர்வைக்கு மேலே எழுந்து எதையோ பிடிக்கப் போனது. படிக்கட்டின் கைப்பிடி. "பச்சை பெயின்ட் அடிச்சிருந்தாங்க, மாத்திட்டாங்க" என்றார்.

அப்புறம் அழுதார்.

கழற்றிய கையோடு இன்னொரு ஊழியர் படிவத்தைக் கொண்டுவந்து, 0 முதல் 10 வரை மனக்கஷ்டம் எவ்வளவு என்று கேட்டார். அம்மா 8 என்றார். மாட்டுவதற்கு முன்னால் சொன்னது 5. எழுதிக்கொண்டு, கருவியையும் எடுத்துக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்தத் தாளைப் பார்க்கிறவர்கள் விஆர் அம்மாவுக்குக் கெடுதல் செய்தது என்றுதான் நினைப்பார்கள்.

நர்ஸ் மட்டும் போகவில்லை. அரை மணி நேரம் இருக்கும், அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். பக்கத்து சீட்டில் இருந்த தோழியைப் பற்றி. ஒரு ப்ரமோஷன் விஷயத்தில் மனஸ்தாபம், 12 வருஷமாகப் பேச்சு இல்லை, எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். "அவ நம்பர் கிடைக்குமா பாரேன்" என்றார். மறுநாள் கிடைத்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு 40 நிமிஷம் பேசினார். அன்று ராத்திரி தூக்க மாத்திரை கேட்கவில்லை. இதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதவில்லை.

கட்டுரையில் தீக்காய நோயாளிகளின் உதாரணம் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990-களில் தொடங்கிய வேலை அது. கட்டு மாற்றும் நேரத்தில் பனி உலகத்துக்குள் பனிப்பந்து வீச விட்டு, கவனத்தை வலியிலிருந்து விலக்குவார்கள். கட்டு மாற்றுவது கொஞ்ச நேர வேதனை, கவனம் திரும்பினாலே பெரிய உதவி. சாகப்போகிறோம் என்று தெரிந்து படுத்திருப்பவரின் வேதனை அந்த மாதிரி இல்லை, ஹெட்செட்டைக் கழற்றும்போது அது அங்கேயேதான் இருக்கும். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, கடைசிக் கட்ட நோயாளிகளுக்கான காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை 'முழு வலி' என்றார்: உடம்பு, மனசு, உறவுகள், வாழ்க்கையின் அர்த்தம் எல்லாம் சேர்ந்து வலிப்பது. என் அம்மாவுக்கு வலித்தது அந்தப் பக்கத்து சீட்டு.

ஜப்பானில் 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. முற்றிய புற்றுநோயாளிகள் 20 பேரை, அவர்களே போக விரும்பிய இடங்களுக்கு கூகுள் எர்த் விஆர் என்ற, உலகத்தின் இடங்களை ஹெட்செட்டில் காட்டும் செயலி மூலம் அழைத்துப் போனார்கள். வலி, சோர்வு, பதற்றம், மனச்சோர்வு எல்லாமே குறைந்ததாகத் தெரிந்தது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. இருந்தாலும் இடத்தை நோயாளியிடமே கேட்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். கண் நகர்வதாகச் சொல்லும், உடம்பு படுத்திருக்கும். ஏற்கெனவே குமட்டல் இருப்பவருக்கு வாந்தியே வந்துவிடும். வலிப்பு வரக்கூடியவர்கள், சித்தப்பிரமையில் இல்லாததைப் பார்ப்பவர்கள், இவர்களுக்கு மாட்டவே கூடாது.

தணிப்பு சிகிச்சை, அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு, தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆட்கள் இல்லாத இடத்தில் ஒரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, மன ஆறுதலுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது ரொம்பச் சுலபம். என் பயமே அதுதான். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 20 நிமிஷம் காட்டினால், அதற்கப்புறம் குறைந்தது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆளையும் சேர்த்து ஒதுக்குங்கள். அந்த 0 முதல் 10 கேள்வியைக் கண்ணீர் காயும் முன்னால் கேட்காமல், சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கருவியைச் செய்கிறவர்களோடு அதை மாட்டிவிடும் நர்ஸ்களிடமும் பேசுங்கள். கழற்றியதும் நோயாளிகள் முதலில் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி